எண்ண வேண்டியதைப் படம் பிடிக்கிறார்கள்

தலையில் அடிபட்ட ஒருவரை மருத்துவமனையில் சேர்த்ததும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "ஸ்கேன் எடுத்தாச்சா?" என்றுதான். எடுத்துப் பார்த்து "ஒண்ணும் இல்லை, நார்மல்" என்று டாக்டர் சொல்லிவிட்டால் வராந்தாவில் நிற்கும் அத்தனை பேருக்கும் உயிர் வரும். ஒரே ஒரு விபத்து, ஒரே ஓர் அடி என்றால் அந்த நிம்மதி பெரும்பாலும் நியாயமானதே. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தலையால் முட்டியும், குத்து வாங்கியும், பறந்து வரும் பந்தை நெற்றியால் அடித்தும் பிழைத்தவர்கள் விஷயத்திலும் அதே நிம்மதியைக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

விளையாட்டு உலகில் இந்த நம்பிக்கை இரண்டு வடிவங்களில் உலவுகிறது. ஸ்கேன் சுத்தமாக இருந்தால் மூளையும் சுத்தம் என்பது ஒன்று. இன்னொன்று சற்று விவரமானவர்களுடையது: உயிரோடு இருக்கும்போதே சேதத்தைக் காட்டும் ஸ்கேன் சீக்கிரம் வந்துவிடும், அது வரட்டும், பிறகு விதிகளை மாற்றலாமா என்று யோசிக்கலாம். முதலாவது தவறு. இரண்டாவது அதைவிட மோசம். பொறுப்பைத் தள்ளிப்போடுகிற பேச்சு அறிவியலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

1980-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். முகமது அலிக்கு 38 வயது. ஓய்வை உதறிவிட்டு லேரி ஹோம்ஸோடு மோத வந்தார். பேச்சில் குழறல் தட்டுகிறது என்று பலரும் சொல்லத் தொடங்கியிருந்ததால், நெவாடா மாநிலத்தின் குத்துச்சண்டை ஆணையம் அவரை மேயோ கிளினிக்கில் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னது. அங்கே விரலால் மூக்கைத் தொடச் சொன்னார்கள். குறி லேசாகத் தப்பியது. ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னார்கள். உலகமே வியந்த அந்தக் கால்களில் எதிர்பார்த்த துள்ளல் இல்லை. இரண்டையும் அறிக்கையில் பதிந்தார்கள். சிடி ஸ்கேனில் மூளையின் இரு அறைகளைப் பிரிக்கும் மெல்லிய சவ்வின் நடுவே சிறு இடைவெளி தெரிந்தது. சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும் மாறுபாடு என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். சண்டையைத் தடுப்பதற்கு எதுவும் இல்லை என்பது முடிவு. உரிமம் கிடைத்தது. அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் பத்துச் சுற்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். நான்கு ஆண்டு கழித்து அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பது உறுதியானது.

பிறவி மாறுபாடு என்று அவர்கள் கடந்துபோன அந்த இடைவெளிக்கு ஒரு முன்கதை உண்டு. 1973-இல் இங்கிலாந்தில் கோர்சலிஸும் அவரோடு இருந்தவர்களும், இறந்துபோன 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து வெளியிட்டிருந்தார்கள். பெரும்பாலான மூளைகளில் அதே சவ்வுதான் பிளந்தும் கிழிந்தும் கிடந்தது. ஏழு ஆண்டுப் பழைய செய்தி. படத்தில் தெரிந்ததையே படிக்க மனம் வராதபோது, படம் எடுத்து என்ன பயன்?

அலியின் நோய்க்குக் குத்துகள்தான் முழுக் காரணமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இங்கே அது கேள்வியும் அல்ல. கேள்வி, அன்று தீர்ப்பு எழுதப்பட்ட முறை. கையும் காலும் நேரில் வந்து சொன்ன சாட்சியத்தைவிட இயந்திரம் எடுத்த படத்துக்கு எடை கூடுதலாகக் கொடுத்தார்கள். அலியோடு பல ஆண்டு இருந்த மருத்துவர் ஃபெர்டி பச்சேக்கோ, போதும் நிறுத்து என்று மன்றாடிப் பார்த்துவிட்டு 1977-லேயே விலகியிருந்தார். அவரை விலக வைத்தது எந்த மூளைப் படமும் அல்ல. ஒரு சிறுநீரகப் பரிசோதனை முடிவும், ஒவ்வொரு சுற்றையும் கயிற்றுக்கு அருகில் நின்று பார்த்த கண்ணும்தான்.

சரி, 1980-இன் சிடி ஸ்கேன் பழைய காலத்துச் சங்கதி, இன்றைய எம்ஆர்ஐ எவ்வளவோ முன்னேறிவிட்டது என்பார்கள். முன்னேறியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது தேடும் பொருள் எங்கே, எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தொடர்ந்து தலையில் அடி வாங்குவோரிடம் உருவாகும் மூளைச் சிதைவை சிடிஇ என்று சுருக்கி அழைக்கிறார்கள். 1928-இல் அமெரிக்காவின் நியூவார்க் நகரில் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர், குத்து வாங்கியே போதை ஏறியவர்களைப் போலத் தள்ளாடிய குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி எழுதியதிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. இந்த நோயின் அடையாளம், டௌ என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் முறுக்கிக்கொண்டு படிவது. மூளை முழுக்கப் பரவலாகப் படிவதில்லை. முதலில் மூளை மடிப்புகளின் அடிப்பள்ளத்தில், மிகச் சிறிய ரத்தக் குழாய்களைச் சுற்றி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் படிகிறது. நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய சமாச்சாரம்.

2002-இல் பிட்ஸ்பர்க் நகரின் பிணவறைக்கு மைக் வெப்ஸ்டரின் உடல் வந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் நடுவீரர், நான்கு சூப்பர் பவுல் வென்றவர், கடைசிக் காலத்தில் மனம் சிதறிச் சில நாட்கள் தன் வண்டியிலேயே படுத்துக் கிடந்தவர். இறக்கும்போது வயது 50. பரிசோதித்த பென்னட் ஒமாலு, சுருங்கிப்போன மூளையைத்தான் எதிர்பார்த்தார். மண்டையோட்டைத் திறந்து கையில் எடுத்தபோது அது சாதாரண மூளையாகவே இருந்தது. அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். சொந்தச் செலவில் மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்த்த பிறகுதான் டௌ முடிச்சுகள் தெரிந்தன. கையில் ஏந்திப் பார்த்தும் நார்மலாகத் தெரிந்த மூளையை, மண்டையோட்டுக்கு வெளியே நின்று படம் எடுக்கும் இயந்திரம் கண்டுபிடித்துவிடும் என்று நம்புவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

வழக்கமான எம்ஆர்ஐ படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனசதுரம். அதற்குள் நரம்பணுக்கள் பல்லாயிரம். உடலில் ஏற்றிய மருந்து எங்கே ஒட்டுகிறது என்று காட்டும் பெட் ஸ்கேனின் கூர்மை அதைவிடவும் குறைவு. சில மில்லிமீட்டருக்குள் நடப்பதெல்லாம் கலங்கலாகவே விழும். மூளைப் புறணியின் தடிமனே இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர்தான். மொட்டைமாடியில் நின்றுகொண்டு, எதிர்த்தெரு வீட்டின் எந்த உத்தரத்தைக் கரையான் அரிக்கிறது என்று சொல்லச் சொல்வது போன்ற வேலை இது.

நரம்பிழைகள் வழியே நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று அளக்கும் புது வகை எம்ஆர்ஐ வந்திருக்கிறதே என்று கேட்கலாம். வந்திருக்கிறது, நல்ல பலனும் தந்திருக்கிறது. நியூயார்க்கில் மைக்கேல் லிப்டன் குழு 2013-இல் 37 அமெச்சூர் கால்பந்தாட்டக்காரர்களைச் சோதித்தது. தலையால் பந்தை அடித்த எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டியவர்களிடம் வெள்ளைப் பகுதியின் ஒழுங்கு குலைந்திருந்தது. லாஸ் வேகாஸில் 2011-இல் தொடங்கிய கிளீவ்லண்ட் கிளினிக்கின் ஆய்விலும், சண்டைகள் கூடக்கூட வீரர்களின் மூளை ஆழத்தில் சில பகுதிகள் சிறுத்திருப்பது தெரிந்தது. இவை நேர்மையான ஆய்வுகள். ஆனால் இரண்டுமே கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிட்டவை. அதே அளவீடு வயதால் மாறும், மதுவால் மாறும், ரத்த அழுத்தத்தால் மாறும், ஒரு கம்பெனி இயந்திரத்திலிருந்து இன்னொரு கம்பெனி இயந்திரத்துக்குப் போனாலே மாறும். நூறு பேரின் சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் "உங்களுக்கு இருக்கிறது" என்றோ "இல்லை" என்றோ சொல்ல முடியாது. வியாபாரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

சொன்னார்கள் என்பதற்கு வரலாறே இருக்கிறது. 2013-இல் லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் குழு, ஓய்வு பெற்ற ஐந்தே ஐந்து அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு எஃப்டிடிஎன்பி என்ற மருந்தை ஏற்றி பெட் ஸ்கேன் எடுத்தது. உயிருள்ள மூளையில் முதல்முறையாக டௌ தெரிந்துவிட்டது என்று செய்தி பறந்தது. அதே ஆண்டு, டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் நட்சத்திரமாக இருந்த டோனி டோர்செட், இந்த ஸ்கேன் தனக்கு சிடிஇ அறிகுறிகளைக் காட்டிவிட்டது என்று வெளிப்படையாகப் பேசினார். மகளை விளையாட்டுக்கு அழைத்துப் போகும் வழியே மறந்துபோகிற ஒரு மனிதர், ஒரு விடை கிடைத்ததே என்று பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த மருந்து டௌவோடு மட்டும் ஒட்டுவதில்லை, அல்சைமர் நோயில் சேரும் அமிலாய்டு புரதத்தோடும் ஒட்டும். இந்த ஸ்கேனை முன்வைத்து டௌமார்க் என்ற நிறுவனம் விளம்பரத்தில் இறங்க, 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆராய்ச்சி நிலையில் இருக்கும் ஒரு மருந்தை நம்பகமானது என்று விற்கக் கூடாது என்பது அதன் சாரம். ஸ்கேன் எடுத்தவர்களில் ஒருவரான ஃப்ரெட் மெக்நீலின் மூளையை இறப்புக்குப் பின் சோதித்தபோது சிடிஇ இருந்தது உண்மை. ஓர் ஆள். ஓர் ஆளை வைத்து ஒரு பரிசோதனையை நிறுவ முடியாது.

அடுத்து வந்தது இன்னும் கவனமான முயற்சி. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்டெர்ன் தலைமையில், அல்சைமர் டௌவுக்கென்று உருவான ஃப்ளோர்டாசிபிர் மருந்தோடு எடுத்த ஆய்வு 2019-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. மறதியும் மனக்குழப்பமும் இருந்த 26 முன்னாள் வீரர்கள், எந்தக் குறையும் இல்லாத 31 பேர். வீரர்களின் மூளையில் சில இடங்களில் சமிக்ஞை கூடுதலாகத்தான் இருந்தது. விளையாடிய ஆண்டுகள் கூட அதுவும் கூடியது. ஆனால் நினைவாற்றல் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் அதற்கும் தொடர்பு கிடைக்கவில்லை. தனி ஆளுக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல இது உதவாது என்பதை ஆய்வாளர்களே எழுதினார்கள். தலைப்புச் செய்திகளில் அந்த வரி மட்டும் காணாமல் போனது.

ஏன் உதவவில்லை என்பதற்கு அதே ஆண்டு இன்னொரு திசையிலிருந்து பதில் வந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர், இரண்டு முன்னாள் குத்துச்சண்டை வீரர்கள் ஆகியோரின் மூளையிலிருந்து டௌ இழைகளைப் பிரித்தெடுத்து, உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சிடிஇ டௌ மடிந்திருக்கும் விதம் வேறு, அல்சைமர் டௌ மடிந்திருக்கும் விதம் வேறு. ஒரு பூட்டுக்குச் செய்த சாவியை வேறொரு பூட்டில் போட்டுத் திருகிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சரியான சாவியே நாளைக்குக் கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் படம் காலம் தாழ்ந்து வரும் படமாகவே இருக்கும். 2025-இல் நேச்சர் இதழில் வந்த பாஸ்டன் குழுவின் ஆய்வு, 51 வயதுக்கு உட்பட்டு இறந்தவர்களின் மூளைத் திசுவை அணு அணுவாகப் பிரித்துப் பார்த்தது. மோதல் விளையாட்டுகள் ஆடியவர்களின் மடிப்புப் பள்ளங்களில் ஒரு வகை நரம்பணுக்கள் 56 சதவீதம் வரை குறைந்திருந்தன. டௌ படியத் தொடங்காதவர்களிடமும் இந்த இழப்பு இருந்தது. அதாவது, டௌவைத் தேடும் ஸ்கேன் எவ்வளவு துல்லியமானாலும், அது "இல்லை" என்று சொல்லும் நாளிலேயே அணுக்கள் போய்விட்டிருக்கலாம். ஸ்கேன் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறவர்கள் இந்த ஆய்வுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

காத்திருப்பால் யாருக்கு லாபம் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக் 1994-இல் மூளைக் காயங்களை ஆராய ஒரு குழு அமைத்து, அதற்குத் தலைவராக ஒரு மூட்டுவாத மருத்துவரைப் போட்டது. வெப்ஸ்டர் பற்றிய ஒமாலுவின் கட்டுரை 2005-இல் வந்ததும் அதைத் திரும்பப் பெறச் சொல்லி அந்தக் குழுவினர் கடிதம் எழுதினார்கள். 2012-இல் மருத்துவ ஆராய்ச்சிக்கென்று மூன்று கோடி டாலர் தருவதாக லீக் அறிவித்தபோது கைதட்டல் கிடைத்தது. ஆனால் உயிரோடு இருக்கும்போதே சிடிஇயைக் கண்டறியும் வழி தேடும் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலர் திட்டம் ஸ்டெர்ன் கைக்குப் போகிறது என்றதும், அந்தப் பணம் அதற்குப் போகவில்லை. லீக் முறையற்ற வகையில் தலையிட முயன்றது என்று 2016 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் உறுப்பினர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். ஆதாரம் வரட்டும் என்று மேடையில் சொன்னவர்களேதான் ஆதாரம் தேடும் வேலைக்குப் பணம் போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

லீக் மீது வீரர்கள் போட்ட வழக்கில் 2015 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற சமரசத்தைப் படித்தால் இன்னும் விளங்கும். அந்த ஒப்புதல் தேதிக்கு முன் இறந்து, பிரேதப் பரிசோதனையில் சிடிஇ உறுதியானவர்களின் குடும்பங்களுக்கு 40 லட்சம் டாலர் வரை உண்டு. உயிரோடு இருப்பவருக்கு சிடிஇ என்ற பெயரில் எதுவும் இல்லை. மறதி நோய், பார்க்கின்சன் என்று வேறு பெயரில் நோய் முற்றிய பிறகு பணம் வரலாம். உயிருள்ளவரிடம் இதைக் கண்டறிய முடியாது என்பது மருத்துவ உண்மைதான். அந்த உண்மை வக்கீல் கைக்குப் போனதும் வேறு காரியத்துக்குப் பயன்பட்டது.

ஸ்கேன் இல்லாமல் எதுவுமே தெரியாது என்றால் இந்த வாதங்களுக்கு ஓரளவு பொருளிருக்கும். ஆனால் இந்தத் துறையின் மிக வலுவான சான்றுகள் சில, ஒரு படமும் எடுக்காமல் கிடைத்தவை. கிளாஸ்கோவில் வில்லி ஸ்டூவர்ட் குழு 7,676 முன்னாள் ஸ்காட்லாந்துக் கால்பந்தாட்டக்காரர்களின் இறப்புச் சான்றிதழ்களையும் மருந்துச் சீட்டுப் பதிவுகளையும் புரட்டியது. மற்றவர்களோடு ஒப்பிட, மூளை சிதையும் நோய்களால் இவர்கள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று 2019-இல் தெரிந்தது. பின்னர் ஆடிய இடத்தின்படி பிரித்துப் பார்த்தார்கள். தலையால் பந்தை அதிகம் அடிக்கும் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு. கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களைவிடக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒரே களம், ஒரே ஊதியம், ஒரே சாப்பாடு. ஒருவர் பந்தைக் கையால் பிடிக்கிறார், மற்றவர் தலையால் அடிக்கிறார். 2020-இல் ஸ்காட்லாந்து, 12 வயதுக்கு உட்பட்டவர்களின் பயிற்சியில் தலையால் பந்தடிப்பதைத் தடை செய்தது. வெஸ்ட் பிரம்விச் ஆல்பியன் அணியின் ஜெஃப் ஆஸ்ல் 59 வயதில் இறந்தபோது அது தொழிலால் வந்த நோய் என்று விசாரணை அதிகாரி 2002-லேயே பதிவு செய்திருந்தார் என்பதை நினைத்தால், பதினெட்டு ஆண்டு தாமதம்.

அமெரிக்காவிலும் கணக்கு இதையேதான் சொல்கிறது. 2023-இல் 631 அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைகளை வைத்துச் செய்த ஆய்வில், எத்தனை முறை கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) ஆனது என்பது சிடிஇயோடு பொருந்தவில்லை. வாழ்நாள் முழுக்கத் தலை வாங்கிய அடிகளின் மொத்த விசைதான் பொருந்தியது. மயக்கம் போடாத, களத்தை விட்டு வெளியேறாத, யாரும் ஸ்கேனுக்கு அனுப்பாத சாதாரண அடிகள்தாம் அதில் பெரும்பங்கு. 2021-இல் வல்லுநர்கள் வகுத்த நோயறி விதிகளும் ஸ்கேனிலிருந்து தொடங்கவில்லை. குறைந்தது ஐந்து ஆண்டு முறையான அமெரிக்கக் கால்பந்து, அதில் இரண்டு ஆண்டாவது உயர்நிலைப் பள்ளி அளவிலோ அதற்கு மேலோ ஆடியிருக்க வேண்டும் என்று ஆண்டுக் கணக்கைத்தான் முதலில் கேட்கின்றன.

எதிர்த்தரப்பில் நியாயமான ஒரு குரல் உண்டு. பாஸ்டன் மூளை வங்கியில் ஆராய்ந்த 111 தேசிய லீக் வீரர்களில் 110 பேருக்கு சிடிஇ என்ற 2017-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற எண், பீதியைக் கிளப்பப் பயன்பட்டது. கோளாறு தெரிந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுக்க முன்வருகின்றன; எல்லா வீரர்களுக்கும் அந்த விகிதம் என்று கொள்ள முடியாது. ஆய்வாளர்களே இதைச் சொன்னார்கள். முப்பது வயது ஆவதற்குள் இறந்த 152 வீரர்களில் 63 பேரிடம் சிடிஇ கண்டதையும் அதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் இறப்புச் சான்றிதழ்களைப் புரட்டிய கிளாஸ்கோ கணக்குக்கு இந்த ஆட்சேபம் பொருந்தாது. அங்கே யாரும் மூளையைத் தானம் செய்யவில்லை.

ஸ்கேனே வேண்டாம் என்பதும் இந்த மறுப்பின் பொருள் அல்ல. மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் சிடி ஸ்கேன் நிமிடங்களில் காட்டும், உயிரைக் காக்கும். பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆனால் கசிவு என்பது ஒரு நாள் நடக்கும் விபத்து. சிதைவு என்பது ஆண்டுக்கணக்கில் நடக்கும் காரியம். முன்னதற்குச் செய்த கருவியைப் பின்னதற்குச் சான்றிதழ் வழங்கச் சொல்கிறார்கள். முன்னதிலும்கூட அதற்கு எல்லை உண்டு. 2025 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோவின் கோராகுவென் ஹாலில் ஒரே இரவில் வெவ்வேறு சண்டைகளில் மோதிய ஷிகெடோஷி கோடாரி, ஹிரோமாசா உராகாவா என்ற இரண்டு 28 வயது வீரர்களும் மூளை ரத்தக் கசிவால் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். இருவருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு ஆசியப் பசிபிக் பட்டப் போட்டிகளை 12 சுற்றிலிருந்து 10 சுற்றாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். அங்கேயும் கடைசியில் கை வைத்தது சுற்றுகளின் எண்ணிக்கையில்தான்.

அடியைக் குறைத்தால் ஆட்டம் செத்துவிடும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிக் கால்பந்து அணியின் கதையைச் சொல்லலாம். 2010-இல் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ், பயிற்சியின்போது வீரர்கள் ஒருவரை ஒருவர் மோதித் தள்ளுவதை அடியோடு நிறுத்தினார். பிறகு மனிதனுக்குப் பதிலாக ஓடும் இயந்திரப் பொம்மையைக் களத்தில் விட்டார். 2015-இல் அந்த அணி ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. மறு ஆண்டே ஐவி லீக் கல்லூரிகள் எட்டும், போட்டிப் பருவப் பயிற்சிகளில் முழு மோதலை நிறுத்தின. அதே ஆண்டு, இரண்டு பக்கமும் முழு வேகத்தில் ஓடி வந்து முட்டிக்கொள்ளும் கிக்ஆஃப் ஆட்டத்திலும் கை வைத்தார்கள். பந்தை உதைக்கும் இடத்தை 35 கஜக் கோட்டிலிருந்து 40-க்கு நகர்த்தினார்கள். பந்து பெரும்பாலும் எல்லை தாண்டி விழ, திருப்பி எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய தேவை குறைந்தது. அதற்கு முந்தைய மூன்று பருவங்களில் ஆயிரம் கிக்ஆஃபுக்கு ஏறத்தாழ 11 ஆக இருந்த கன்கஷன், அடுத்த இரண்டு பருவங்களில் 2 ஆக இறங்கியது. நகர்த்தியது ஐந்து கஜம்.